குழந்தை தப்பு செய்தால் பள்ளி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

"தோலை உரிச்சிடுங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க." பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அந்தக் காலத்து அப்பாக்கள் வாத்தியாரிடம் இப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்கள். இன்றைக்கும் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்கலாம். ஆனால் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், உங்கள் குழந்தையை அடிக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது.

தமிழ்நாட்டில் கல்வி விதிகளைத் திருத்தி இதற்கு 2003லேயே தடை வந்துவிட்டது. அடுத்து, கல்வி உரிமைச் சட்டம் 2009. அதன் 17ஆவது பிரிவு, குழந்தையை உடலளவில் தண்டிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் முறையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

"எங்க டீச்சர் அடிக்கிறதே இல்லைங்க" என்கிறீர்களா? நல்லது. ஆனால் பிரம்பு மட்டும்தான் தண்டனை என்று நினைக்காதீர்கள். முட்டி போட வைப்பது, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த மாதிரி சுவரோடு நிற்க வைப்பது, அறையில் பூட்டி வைப்பது எல்லாமே இதில் வரும். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, சாதியையோ அப்பாவின் வேலையையோ சொல்லிக் குத்துவது, மார்க்கைச் சொல்லி வகுப்பு முன்னால் கேலி செய்வது போன்றவை மனத் துன்புறுத்தல். உண்மையில் குழந்தைகள் வீட்டில் சொல்லாமல் மறைப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

அப்போது ஆசிரியர் என்னதான் செய்வது? நியாயமான கேள்வி. நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒருவன் அடுத்தவனைக் கடித்துவைத்தால், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தையின் பென்சில் பாக்ஸைக் காணவில்லை. "அவன்தான் எடுத்திருப்பான், போன தடவையும் அவன்தானே" என்று நாலு குரல்கள் ஒரு பையனைக் காட்டுகின்றன. எல்லார் முன்னாலும் அவன் பையைக் கொட்டிப் பார்ப்பது சுலபம். பாக்ஸ் கிடைக்கவில்லை என்றால்? அதற்குள் அவனுக்குத் 'திருடன்' என்று பெயர் வந்துவிட்டிருக்கும், அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. நியாயமான வழி, தனியாகக் கூப்பிட்டு முதலில் அவன் சொல்வதைக் கேட்பது. எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வைத்து, ஏன் எடுத்தான் என்று விசாரிப்பது. வீட்டில் பென்சில் வாங்கித் தரவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைப்பதும், ஆசிரியரின் பிள்ளை என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதும் நியாயமில்லை.

சேட்டையின் காரணம் வேறு இடத்தில் இருப்பதும் உண்டு. கரும்பலகை சரியாகத் தெரியாத குழந்தை பக்கத்தில் இருப்பவனிடம் பேசிக்கொண்டேதான் இருக்கும். அதற்குத் தேவை கண் பரிசோதனை. சாப்பாட்டை நிறுத்துவது, விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது எதற்கும் பதிலாகாது.

"டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 16ஆவது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது.

இப்போது உங்கள் பக்கம். பள்ளியிலிருந்து புகார் வந்தால், வீட்டில் பெல்ட்டை எடுக்காதீர்கள். அடுத்த முறை டீச்சர் உங்களிடம் சொல்லவே தயங்குவார். அதேபோல, குழந்தை ஏதாவது சொன்னதும் நாலு பேரோடு போய் ஆசிரியரிடம் சண்டை போடுவதும் வேண்டாம். என்றைக்கு, எங்கே, யார் இருந்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை, கூடவே போட்டோ. பிறகு தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

அங்கே சரியாகவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். அரசுப் பள்ளிகளின் இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போன்ற பெற்றோர்தான். அடுத்த கட்டம் வட்டாரக் கல்வி அலுவலர். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள். 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுக்கும் எழுத்துப்பூர்வமான புகாரில், இரு தரப்பையும் கேட்டு 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

போனிலேயே கேட்க வேண்டுமா? பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அவசரம், குழந்தைக்கு ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், 1098. இந்த எண்ணைக் குழந்தையே அழைத்தும் பேசலாம். பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கிறது என்று இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.