பட்டியல் போட்ட பாதிரியார்

கிறிஸ்தவக் கல்லூரி நூலகம் என்றால் பைபிளும் பாடப்புத்தகமும் தேர்வுநேரக் கூட்டமும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். காவிரிப் படுகையின் வரலாறு அதை மறுக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறிஸ்தவப் பாதிரியார் சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிக் குறிப்புகளோடு பட்டியலிட்டார். திருக்குறளும் சைவ நூல்களும் அதில் உண்டு. 1713இல் அங்கே தமிழ் அச்சு வேலையும் தொடங்கியது. பின்னாளில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்ட இரண்டாம் சரபோஜி மன்னர், மதம் மாறாமலேயே, தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளோடு ஆயிரக்கணக்கான ஐரோப்பிய நூல்களையும் சேர்த்தார்.

பாதிரியார்கள் மதம் பரப்பத்தானே சுவடி சேர்த்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், சீகன்பால்கு அதை மறைக்கவும் இல்லை. ஆனால் சேர்த்தவரின் நோக்கத்தோடு ஒரு பட்டியலின் பயன் முடிந்துவிடுவதில்லை. 1700ஐ ஒட்டி இப்பகுதியில் எந்த நூல்கள் புழங்கின என்று அறிய ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். எல்லாமே கைபேசியில் கிடைக்கிறதே என்பது அடுத்த கேள்வி. யாரோ ஒருவர் சேர்த்து, வரிசைப்படுத்தி, பதிவேற்றியதுதான் கைபேசியில் கிடைக்கும். ஊர்ச் சபையின் பழைய பதிவேடும், கல்லூரி ஆண்டுமலரும், வாய்க்கால் முறைப்பாசனக் கணக்கும் தாமாக அங்கே போய்ச் சேராது. ஆகவே படுகையின் கல்லூரி நூலகங்கள், சாதி மத வேறுபாடின்றி, மாணவர்களைக் கொண்டே இவற்றைத் திரட்டிப் பட்டியலிட வேண்டும். வாசிக்க வருபவர்களைச் சேகரிப்பவர்களாகவும் ஆக்குவதே கல்லூரி நூலகத்தின் வேலை.