பல மரம் சேர்ந்த காடு

பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டபோது, பெருகிய நீரில் மூழ்காத குன்று ஒன்று தீவாயிற்று. அதுவே பாரோ கொலராடோ தீவு. அங்குள்ள வெப்பமண்டலக் காட்டில் 50 எக்டேர் பரப்பை அறிவியலார் தேர்ந்தெடுத்து, 1980களின் தொடக்கத்தில் அதிலிருந்த மரங்களை எல்லாம் எண்ணினர். சுண்டுவிரல் பருமனுள்ள இளமரமும் கணக்கில் சேர்ந்தது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள். ஏறத்தாழ 300 வகைகள்!

அப்போது கடும் வறட்சி வந்தது. பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிட வெப்பமாகி, மழையின் போக்கு மாறுவதை எல் நினோ என்பர். 1982-83இல் தோன்றிய எல் நினோவால் தீவின் மரங்கள் பல பட்டுப்போயின. ஆயினும் எல்லா வகைகளும் ஒரே அளவில் அழியவில்லை. ஈரமான சரிவுகளை நாடி வளரும் வகைகள் பெரிதும் குறைந்தன. வறட்சியைத் தாங்கும் வகைகளோ, பட்ட மரங்கள் விட்டுச்சென்ற வெளியில் ஒளிபெற்றுத் தழைத்தன. 1990இல் மீண்டும் எண்ணியபோது மொத்த மரங்களின் தொகை குறைந்திருக்கவில்லை.

இதற்குக் காரணம் மரங்களின் மாறுபட்ட இயல்பே. ஒன்று ஆழத்தில் வேர்விட்டு நீரைத் தேடும். மற்றொன்று இலையை உதிர்த்து நீரைச் சேமிக்கும். வேறொன்று இலைத்துளைகளை விரைவில் மூடிக்கொள்ளும். ஒரே வகை மரங்களை வளர்க்கும் தோப்பில் ஒரு மரத்தின் குறையே எல்லா மரங்களின் குறையாகிவிடும். பூச்சியும் அங்கு எளிதில் பரவும். எனினும் பன்மைக்கும் எல்லை உண்டு. வறட்சி அடிக்கடி வந்தால், ஈரம் விரும்பும் வகைகள் மீள்வதற்குக் காலம் இராது.

அழிந்த காட்டை மீட்பதற்கும் பன்மை உதவுமா? இதனை நட்டுப் பார்த்தே அறிய முடியும். மலேசியாவின் சபா மாநிலத்தில், மரம் வெட்டப்பட்ட காட்டில், 2002இல் அத்தகைய சோதனை தொடங்கியது. சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த கன்றுகளைச் சில பகுதிகளில் ஒரே வகையாகவும், சிலவற்றில் 4 வகைகளாகவும், வேறு சிலவற்றில் 16 வகைகளாகவும் நட்டனர். 2023இல் வெளியான முடிவு தெளிவானது: 16 வகைகள் நடப்பட்ட பகுதிகளே விரைவாக மீண்டன.

ஆனால் 16 வகை விதைகளைத் திரட்டுவது எளிதன்று. அம்மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். விதைகளும் நெடுநாள் முளைப்புத்திறனுடன் இருப்பதில்லை. உதிர்ந்தவுடன் பொறுக்கி, நாற்றங்காலில் விரைந்து விதைத்தாக வேண்டும்.