கடைசி எண்பது ஆண்டுகள்

மறந்துபோன ஊர்கள் – 14

கி.பி. 1269-ல் ஒரு சிறு கூட்டம் காட்டுக்குப் போய் மரம் வெட்டியது. 1272-ல் மறுபடியும் வெட்டியது. வெட்டிய மரத்தை உடனே வீட்டில் ஏற்றவில்லை. நறுக்கி, அடுக்கி, காயப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 1275-ல் சனங்கள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மளமளவென்று வீடுகள் எழுந்தன. 1286-க்குப் பிறகு அந்த ஊருக்காக ஒரு மரம்கூட வெட்டப்பட்டதாகத் தெரியவில்லை. 1300 பிறப்பதற்குள் ஊர் காலி.

ஊரின் பெயர் பெடடாகின். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், இன்று நவஹோ மக்களின் நிலமாக இருக்கும் பகுதியில், செங்குத்தான மணற்பாறையின் புடவுக்குள் இருக்கிறது. கட்டியவர்கள் பியூப்லோ மக்களின் முன்னோர்கள். அவர்களிடம் எழுத்து கிடையாது, நாணயம் கிடையாது, அரசர் பட்டியல் கிடையாது. நம் ஊரில் கல்வெட்டும் செப்பேடும் கிடைத்த கோயிலுக்கே கட்டிய ஆண்டைச் சொல்லத் திணறுகிறோம். இங்கே மட்டும் 1269 என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, எப்படி?

சொன்னது மரம்தான். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாக விழும். வறண்ட ஆண்டில் நூல்போல ஒடுங்கிவிடும். ஒரே வட்டாரத்தில் வளரும் மரங்களுக்குள் இந்த அகலமும் ஒடுக்கமும் ஒரே வரிசையில் ஓடும். இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்கள் பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தினால், அந்த உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னே போகலாம். பட்டையோ, பட்டைக்கு அடியில் இருந்த கடைசி வளையமோ சிதையாமல் இருந்தால் வெட்டிய ஆண்டே கைக்குக் கிடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் தொல்லியல்காரர் அல்ல, வானியல்காரர். பெயர் ஏ. இ. டக்ளஸ். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் இருப்பதாகச் சாதித்த பெர்சிவல் லோவலிடம் வேலை பார்த்து, அதில் சந்தேகம் கிளப்பியதால் 1901-ல் வேலை இழந்தவர். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதன் தடயம் மரத்தில் பதிந்திருக்குமா என்று பார்க்கத்தான் வளையம் எண்ண ஆரம்பித்தார். அந்தத் தேடல் அவர் நினைத்தபடி நிலைபெறவில்லை. கிடைத்தது வேறொரு புதையல். 1920-களின் கடைசியில் அவர் கையில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று, உயிருள்ள மரங்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது. இன்னொன்று, இடிந்த ஊர்களின் உத்தரங்களிலிருந்து கோத்தெடுத்த 585 ஆண்டு வரிசை. இரண்டாவது எந்த நூற்றாண்டில் உட்காரும் என்று மட்டும் தெரியவில்லை. நடுவில் ஓர் இடைவெளி.

1929 ஜூன் 22. அரிசோனாவின் ஷோ லோ என்ற சிற்றூரில் தோண்டியபோது கரிந்துபோன ஓர் உத்தரத் துண்டு கிடைத்தது. எச்.எச்.-39 என்று எண் கொடுத்திருந்தார்கள். அதன் வளையங்கள் 1237-லிருந்து 1380 வரை ஓடின. இரண்டு வரிசையும் அந்தத் துண்டில் கைகோத்துக்கொண்டன. அதுவரை ‘எப்போதோ’ என்று இருந்த பல ஊர்களுக்கு ஒரே நாளில் ஆண்டு கிடைத்தது. பெடடாகினின் உத்தரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த ஊர் எழுந்து அடங்கிய கதையை அறை அறையாக எழுதியவர் ஜெஃப்ரி டீன், அது 1960-களில்.

போன வாரம் இதே மக்கள் சாக்கோ பள்ளத்தாக்கில் எழுப்பிய பெருங்கட்டடங்களைப் பார்த்தோம். 1150 வாக்கில் அங்கே கட்டட வேலை ஓய்ந்தபின், வடக்கே கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கூட்டம் பெருகியது. பெடடாகினைப் போலவே பாறைப் புடவுகளில் ஊர்கள் எழுந்த மேசா வெர்டே அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 7,000 முதல் 8,500 அடி உயரத்தில், பள்ளத்தாக்குகள் கீறிப் பிளந்த மேட்டுச் சமவெளி. பாறை வீடு என்றதும் அமெரிக்கர் எவருக்கும் நினைவுக்கு வரும் ‘கிளிஃப் பேலஸ்’ இங்குதான் இருக்கிறது.

அதன் படத்தைப் பார்ப்பவர்கள், இவர்கள் காலங்காலமாகப் பாறைக்குள் வாழ்ந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பு. கி.பி. 550 வாக்கில் வந்தவர்கள் மேட்டின் தலையில் பாதி மண்ணுக்குள் இறங்கிய குழிவீடுகளில் இருந்தார்கள். 750 வாக்கில் தரைக்கு மேலே வரிசையாக அறைகள் கட்டினார்கள். ஆயிரமாவது ஆண்டு தாண்டியதும் கல்சுவர் வந்தது. 1200-ஐ ஒட்டித்தான் புடவுகளுக்குள் இறங்கினார்கள். 1280-களில் போய்விட்டார்கள். ஏழு நூற்றாண்டு வாழ்க்கையில் பாறை வீடு கடைசி எண்பது, தொண்ணூறு ஆண்டுதான். இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் மேசா வெர்டேவுக்குள் கணக்கெடுத்த தொல்லிடங்கள் சுமார் 5,000. பாறைக்குள் இருப்பவை 600 போல. அந்த 600-லும் முக்கால்வாசி ஒன்று முதல் ஐந்து அறை கொண்ட சின்னக் கட்டுகள், தானியக் கிடங்குகள். சுமார் 150 அறைகளும் ‘கிவா’ என்னும் தரையடி வட்ட அறைகள் 20-க்கு மேலும் கொண்ட கிளிஃப் பேலஸ் ஒரு விதிவிலக்கு. அதிலும் நூறு பேர் போலத்தான் குடியிருந்தார்கள். ‘பேலஸ்’ என்ற பெயர் வெள்ளைக்காரர் வைத்தது. அரண்மனைக்குரிய அரசன் யாரும் அங்கே இருந்த அடையாளம் இல்லை.

புடவு எப்படி வந்தது? மேலே மணற்பாறை, அடியில் களிப்பாறை. மழையும் பனியும் மணற்பாறைக்குள் மெல்லச் சுவறி இறங்கும். களிப்பாறை நீரைக் கீழே விடாது. தடுக்கப்பட்ட நீர் பக்கவாட்டில் கசியும். குளிர்காலத்தில் அந்தக் கசிவு உறைந்து விரிந்து பாறையைப் பொறுக்கு பொறுக்காகப் பெயர்க்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் அகன்ற, முன்பக்கம் திறந்த குகை தயார். ஆக, புடவு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஊற்றும் இருக்கும். வீடும் கிணறும் ஒரே இடத்தில். ஆண்டுக்கு 18 அங்குலம் மழை பெய்யும் மேட்டில் இது லேசான விஷயமில்லை.

வீட்டுக்குள் போவோம். அறை ஆறடிக்கு எட்டடி. இரண்டு மூன்று பேர் படுக்கலாம். வாசல் ஓரடிக்குச் சற்றே அதிக அகலம். குனிந்து, கால் தூக்கி வைத்துத்தான் நுழைய வேண்டும். ஆண்கள் சராசரி ஐந்தடி நாலங்குலம், பெண்கள் ஐந்தடி. கடினமான கல்லால் மணற்கல்லைக் கொத்திச் சதுரமாக்கி, மண்ணும் தண்ணீரும் சாம்பலும் குழைத்த சாந்தில் அடுக்கினார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து காய்வதற்குள் சின்னச் சின்னச் சில்லுகளை அழுத்திச் செருகினார்கள். அப்படி அழுத்திய விரல்களின் ரேகை சில இடங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. சுவருக்கு மண்பூச்சு. கிளிஃப் பேலஸின் நான்கடுக்குக் கோபுரத்தின் உள்ளே பார்த்தால் வெள்ளையில் சிவப்புக் கோடுகளும் முக்கோணங்களும் மங்காமல் இருக்கின்றன.

கிவா என்பது தரைக்கு அடியில் வட்டமாகக் கட்டிய அறை. சுற்றிலும் திண்ணை, திண்ணைமேல் ஆறு கல்தூண், தூண்களின் மேல் மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எழுப்பிய கூரை. கூரையே மேலே இருப்பவர்களுக்கு முற்றம். இறங்குவதற்கு நடுவில் ஒரு துவாரம், ஏணி. அடுப்பு எரியும்போது பக்கச்சுவரில் விட்ட குழாய்வழியே வெளிக்காற்று கீழே வரும். நேராக நெருப்பில் மோதாதபடி குறுக்கே சின்னத் தடுப்புச்சுவர். புகை ஏணித் துவாரம் வழியே போய்விடும். பனிக்காலத்தில் கதகதப்பான அறை, பூசைக்கும் அதுவே இடம். தரையில் கையளவு ஒரு குழி இருக்கும், சிபாபு என்பார்கள். பூமிக்கு அடியிலிருந்த முந்தைய உலகத்திலிருந்து மனிதர் ஏறி வந்த வழியின் அடையாளம். பியூப்லோ ஊர்களில் கிவா இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெளியார் உள்ளே போக முடியாது.

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் சேர்ந்ததுதான் சாப்பாடு. வான்கோழி வளர்த்தார்கள், அதன் இறகை யுக்கா என்ற செடியின் நாரில் சுற்றி நெய்தால் குளிருக்குப் போர்வை. அதே யுக்காவின் நாரில் செருப்பு, வேரில் சோப்பு. சோளம் அரைக்கப் பெண்கள் நாள் முழுக்க மணற்கல் அம்மியில் மண்டியிட்டார்கள். அம்மி தேய்ந்து மாவில் மணல் கலந்தது. அந்த மணல் ஊரார் எல்லோருடைய பல்லையும் தேய்த்தது. எலும்புகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இன்னும் கனமானது: பிறந்த குழந்தைகளில் பாதிக்குப் பாதி ஐந்து வயதைத் தாண்டவில்லை.

வயல் மட்டும் புடவுக்குள் வரவில்லை, மேட்டின் தலையிலேயே இருந்தது. தினமும் பாறையில் கொத்திய குழிகளில் கை வைத்து, கால் வைத்து ஏறிப் போய் விதைத்து, களையெடுத்து, அறுத்ததை முதுகில் கட்டி இறங்கினார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் கீழே குடியிருக்க வேண்டும்? ஊற்று ஒரு காரணம். தெற்கு பார்த்த புடவில் குளிர்கால வெயில் விழும் என்பது இன்னொன்று. ஆனால் ‘பால்கனி ஹவுஸ்’ என்ற வீட்டுத்தொகுதியைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணமும் தோன்றும். அதன் ஒரு பக்க வழி பன்னிரண்டு அடி நீளமான சுரங்கம்; பதினெட்டு அங்குல அகலத்தில், ஒருவர் பின் ஒருவராக முழங்காலில் தவழ்ந்துதான் வர வேண்டும். உள்ளே ஒரே ஒரு ஆள் தடியோடு நின்றால் போதும்.

பயம் கற்பனை இல்லை. மேசா வெர்டேவுக்கு மேற்கே கேஸில் ராக் என்ற ஊரில் 1280-ஐ ஒட்டி ஒரு தாக்குதல் நடந்தது. குறைந்தது 41 பேர் கொல்லப்பட்டு, புதைக்க ஆளில்லாமல் கிடந்தார்கள். சற்றுத் தள்ளி சேண்ட் கேன்யனிலும் அதே கதை. அதனால் பாறை வீடுகளைப் பொற்காலத்தின் சிகரம் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டட வேலையின் திறமை சிகரம்தான். கட்ட வைத்தது நெருக்கடி.

1276-ல் வறட்சி தொடங்கியது. 1299 வரை நீடித்தது என்று அதே மர வளையங்கள் சொல்கின்றன. ‘வறட்சி வந்தது, போய்விட்டார்கள்’ என்று பள்ளிப் பாடத்தில் முடித்துவிடலாம். ஆனால் 1130-களில் தொடங்கிய நீண்ட வறட்சியை இதே மக்கள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். 1276-க்கு முன்பே சில குடும்பங்கள் நகர ஆரம்பித்துவிட்டன. பல தலைமுறை உழுத மண், வெட்டித் தீர்ந்த காடு, அருகிப்போன மான், பக்கத்து ஊரோடு பகை, தெற்கே போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்ற சேதி. இத்தனையும் ஏற்கெனவே சேர்ந்திருந்த இடத்தில் வறட்சியும் வந்தது. பல்லாயிரம் பேர் வாழ்ந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம்கூட மிஞ்சவில்லை. அம்மியையும் பெரிய பானைகளையும் போட்டுவிட்டுப் போனார்கள். முதுகில் சுமந்து போகக்கூடியவை அல்ல.

எங்கே போனார்கள்? நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கும், மேற்கே ஹோபி, ஸூனி, அகோமா ஊர்களுக்கும். வழியை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. மேசா வெர்டே வீடுகளில் கைப்பிடி வைத்த, கறுப்புக் கோலமிட்ட வெள்ளைக் குவளைகள் ஏராளம். ரியோ கிராண்டேயில் அவை இல்லை. கிவாவின் அமைப்பும் மாறிவிட்டது. ‘சாமான் பொருந்தவில்லை, ஆகவே ஆள் வேறு’ என்று வாதிட்டார்கள். டேவா மொழி பேசும் பியூப்லோக்களின் சொற்களையும் வாய்வழிக் கதைகளையும் எலும்பு அளவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஸ்காட் ஆர்ட்மன், இவர்கள் பழையதை வேண்டுமென்றே கைவிட்டு வந்தவர்கள் என்று 2012-ல் புத்தகமே எழுதினார். பிற்பாடு வான்கோழி எலும்புகளின் மரபணுவும் அந்தப் பக்கமே கைகாட்டியது. ஆளோடு கோழியும் போயிருக்கிறது.

1888 டிசம்பர் 18 அன்று, தொலைந்த மாடுகளைத் தேடிப் பனியில் அலைந்த ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் என்ற இரண்டு பண்ணைக்காரர்கள் கிளிஃப் பேலஸை ‘கண்டுபிடித்தார்கள்’. அந்த நிலத்து யூட் மக்களுக்கு அது முன்பே தெரியும். அப்படி ஓர் இடம் இருப்பதாக வெதரிலிடம் சொன்னவரே அகோவிட்ஸ் என்ற யூட்காரர்தான். 1891-ல் ஸ்வீடனிலிருந்து வந்த குஸ்தாஃப் நோர்டன்ஷோல்டுக்கு வயது 23. காசநோய்க்காரர். முறையாகத் தோண்டி, அளந்து, படம் எடுத்த முதல் ஆள். தோண்டியதை ரயிலில் ஏற்றப் போனபோது டுராங்கோவில் கைது செய்தார்கள். தடுக்கச் சட்டம் எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். பானைகளோடு மனித உடல்களும் போயின. சேகரிப்பு கைமாறி ஃபின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தது. இப்படி அள்ளிக்கொண்டு போனதில் எழுந்த கோபமும் சேர்ந்துதான் 1906 ஜூனில் தொன்மைப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தையும், அதே மாதத்தில் மேசா வெர்டே தேசியப் பூங்காவையும் கொண்டுவந்தது.

2019-ல் ஃபின்லாந்து ஒப்புக்கொண்டு, 2020 செப்டம்பரில் சுமார் இருபது பேரின் எச்சங்களும் அவர்களோடு புதைத்திருந்த 28 பொருள்களும் திரும்பி வந்தன. கேட்டு வாங்கியவர்கள் ஹோபி, ஸூனி, அகோமா, ஸியா மக்கள்; பூங்காவுக்குள்ளேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

‘மாயமாய் மறைந்த இனம்’ என்று தலைப்புப் போட்ட காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். நியூ மெக்சிகோவில் மட்டும் 19 பியூப்லோக்கள் இருக்கின்றன. ஹோபி ஊர்கள் அரிசோனாவில் தனி. அங்கெல்லாம் இந்த ஆண்டும் மக்காச்சோளம் விதைக்கிறார்கள்.

அடுத்த வாரம்: 1680-ல் முடிச்சுப் போட்ட கயிறுகளை ஊர் ஊராக அனுப்பி, ஒரே சமயத்தில் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் துரத்திவைத்த அவர்களின் பேரப்பிள்ளைகள்.

(தொடரும்)