மாமா குடோனில் ஒரு ஹாலோன் சிலிண்டர்

போன மாசம் கல்லிடைக்குறிச்சி போயிருந்தேன். மாமாவோட அப்பளக் குடோன் மூலையில பழைய தீயணைப்பான் ஒண்ணு. லேபிள்ல 'பிசிஎஃப்'னு இருந்துச்சு. "ஏல, இத பழைய இரும்புக் கடைல போட்டுரவா?"ன்னார். வேண்டாம் மாமான்னு தடுத்துட்டேன்.

பிசிஎஃப்னா ஹாலோன் 1211. இதுவும் இதோட அண்ணன் 1301-உம் ஒரு காலத்துல கம்ப்யூட்டர் ரூம்களோட செல்லப்பிள்ளைங்க. மின்சாரத்தைக் கடத்தாது, பவுடர் மாதிரி போர்டு மேல படியவும் படியாது.

தீங்கிறது ஒரு சங்கிலி வினை. ஹாலோன்ல இருக்கிற புரோமின் அந்தச் சங்கிலியை அறுக்கும். அறுத்துட்டுத் தானும் தீர்ந்து போகாது, திரும்ப வந்து அடுத்ததை அறுக்கும். நம்ம பாஷையில சொன்னா, பிரேக் இல்லாத லூப். சிக்கலும் அங்கதான். வளிமண்டலத்துல மேலே போனா ஓசோன்கிட்டயும் இதே மாதிரி லூப் அடிக்குது. அணுவுக்கு அணு பார்த்தா, குளோரினைவிட சுமார் 60 மடங்கு வீரியம்.

1987-ல மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா அதுல 1992-ல சேர்ந்துச்சு, 2000-ல விதிகள் போட்டுச்சு. 2010 ஜனவரி 1-லிருந்து புது ஹாலோன் கிடையாது. விமானங்களுக்கு இன்னும் பழசை மீட்டு, சுத்தம் பண்ணித்தான் ஓட்டுறாங்க. அதுக்காகவே டெல்லியில டிஆர்டிஓ ஆய்வகம் ஒண்ணுல ஹாலோன் வங்கி வச்சாங்க.

ஆனா தயாரிப்பை நிறுத்தினா, ஏற்கெனவே சிலிண்டருக்குள்ள அடைச்சது காணாமப் போயிடுமா? இரும்புக் கடையில எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி வால்வைத் திறந்துவிட்டா, அவ்வளவும் நேரா காத்துலதான்.

வாயுவை வெளியே விடாம இறக்கிற மெஷின் வச்சிருக்கிற சர்வீஸ் ஆளைத் திருநெல்வேலியில தேடிட்டிருக்கேன். அதுவரைக்கும் 'தொடாதே'ன்னு சீட்டு ஒட்டியாச்சு. மாமாவுக்குத்தான் அந்த மூலை அடைபட்டுப் போச்சேன்னு வருத்தம்.