ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம்?

பேட்டரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். எவ்வளவு இருக்கிறது என்பது இந்த வாரக் கணக்கு.

கேரளத்தில் பகலில் கூரை சோலார் மின்சாரம் பெருகிவிட்டது. தேவை எகிறுவதோ விளக்கு வைத்த பிறகு. அந்த நேரத்துக்காகத்தான் காசர்கோடு மாவட்டம் மயிலாட்டியில் 125 மெகாவாட் பேட்டரி நிலையம். நான்கு மணி நேரத்தில் 5 லட்சம் யூனிட் தரும். இத்தகைய நிலையங்களில் இப்போது பெரும்பாலும் வைப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 100 கிராம் லித்தியமும் ஒரு கிலோ கிராஃபைட்டும் வேண்டும். அப்படியானால் 50 டன் லித்தியம், 500 டன் கிராஃபைட். 2023இல் உலகம் தோண்டியெடுத்த லித்தியமே சுமார் 1.8 லட்சம் டன். எனக்குக் கவலை கிராஃபைட்தான். பேட்டரித் தரத்துக்கு அதைச் சுத்திகரிப்பது அநேகமாகச் சீனா மட்டுமே. 2023 டிசம்பர் முதல் அங்கிருந்து ஏற்றுமதிக்கு அரசு அனுமதி வேண்டும்.

இதே 5 லட்சம் யூனிட்டை இடுக்கி அணையிலிருந்து எடுத்தால்? அதன் மூலமற்றம் மின்நிலையத்துக்குத் தண்ணீர் 600 மீட்டருக்கும் மேலிருந்து விழுகிறது. ஒரு யூனிட்டுக்கு 700 லிட்டருக்கும் குறைவாகவே போதும். நிறைந்த அணையில் பயன்படும் நீரில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட செலவாகாது. வெயில் அடிக்கும்போது இயந்திரங்களை நிறுத்தி, இருட்டியதும் ஓட்டினால் அணையே பேட்டரி. கீழே மலங்கரை அணை இருப்பதால் தொடுபுழை ஆற்றின் ஓட்டத்தையும் ஓரளவு சீராக்கலாம். ஆனால் ஆறு இயந்திரங்களும் சேர்ந்து 780 மெகாவாட்தான். அதற்கு மேல் மாலையில் தர முடியாது.

தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கும் வழியும் உண்டு. பாலக்காட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட்டோடு 1980களின் இறுதியிலிருந்தே அதைச் செய்கிறது. புதிதாகக் கட்டுவதென்றால் மேலும் கீழும் நீர்த்தேக்கம் வேண்டும்; அதற்கான பள்ளத்தாக்கில் காடோ குடியிருப்போ இருக்கும். பாலக்காட்டின் சைலன்ட் வேலி நீர்மின் திட்டம் 1983இல் கைவிடப்பட்டது காட்டுக்காக. இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து 1961இல் வெளியேற்றப்பட்ட விவசாயிகளைக் குமுளி அருகே அமராவதியில் கொண்டுவந்து விட்டார்கள், அங்கேதான் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். கிலோக் கணக்கில் இதெல்லாம் ஏறாது. அதனால் இருக்கிற அணைகளை முதலில் முழுதாகப் பயன்படுத்திவிட்டு, மீதிக்கு மட்டும் பேட்டரி வாங்குவதே சரி என்பேன்.

வாங்கும்போதே அதன் முடிவையும் பேசியாக வேண்டும். பழைய லாரி பேட்டரியைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப்போகிறார், ஈயத்துக்கு விலை இருப்பதால். இரும்பு பாஸ்பேட்டில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. தோண்டும்போது அது நல்லது. மறுசுழற்சியில் அதுவே லாபத்தைக் குறைத்துவிடுகிறது. தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோதான் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. காலம் முடிந்த பேட்டரிகளை யார், எந்த ஆலைக்கு, யார் செலவில் கொண்டுபோவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கான பணத்தை முதல் மாதக் கட்டணத்திலிருந்தே தனியாக எடுத்துவைக்க வேண்டும்.