தாயம் விழாத கட்டையும் நுகர்வோர் உரிமையும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடும் வழக்கம் சித்தூர், திருப்பதி வட்டாரக் குடும்பங்களில் இன்றும் உண்டு. தெலுங்கு பேசுவோர் இவ்விளையாட்டை வைகுண்டபாளி என்பர். முன்பு கோயில் கடைவீதியில் பார்த்து, உருட்டி, பேரம் பேசி வாங்கிய பெட்டியை இப்போது பலரும் இணையவழியில் தருவிக்கின்றனர். உருட்டிப் பார்க்கும் வாய்ப்பு அதில் இல்லை.

சித்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர், பேரக்குழந்தைகளுக்காக 750 ரூபாய்க்கு அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கினார். துணியில் அச்சிட்ட கட்டங்கள் சரியாகவே இருந்தன. பித்தளைத் தாயக்கட்டை இரண்டில் ஒன்றில்தான் பிழை. கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று வெறுமையாகவும், மற்றவை 1, 2, 3 புள்ளிகளுடனும் இருத்தல் வேண்டும். அதிலோ வெற்று முகமே இல்லை. இரண்டு புள்ளிகள் இருமுறை பொறிக்கப்பட்டிருந்தன. வணிகவியல் பயின்ற நமக்குக் கணக்குப் போடாமல் இருக்க இயலவில்லை. சரியான கட்டைகளில் 16 சேர்க்கைகளுக்கு இரண்டில் தாயம் விழும். இவற்றில் ஒன்றில் மட்டுமே. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒருபோதும் விழாது. தாயம் விழுந்தால்தானே காயை இறக்க முடியும்?

ஆசிரியர் பணத்தைக் கேட்கவில்லை. கட்டையைத்தான் கேட்க விரும்பினார். ஆனால் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் கிடைத்த எண்ணை அழைத்துவிட்டார். மறுமுனையில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன், மாற்றுக் கட்டையை அனுப்பக் கூரியர் கட்டணம் 5 ரூபாய் மட்டும் போதும் என்று கூறி, ஒரு செயலியைக் கைபேசியில் நிறுவச் சொன்னார். அடுத்து யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்டபோது ஆசிரியருக்கு ஐயம் தோன்றியது. இணைப்பைத் துண்டித்துவிட்டு நேரே கிளைக்கு வந்தார். அந்தக் கணக்கில்தான் அவருடைய ஓய்வூதியம் முழுவதும் இருந்தது. நல்வேளையாக எதுவும் போகவில்லை.

சரியான எண் பெட்டியிலேயே இருந்தது. பொதியிடப்பட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, உற்பத்தியாளரின் பெயர், முகவரி, புகார் தெரிவிப்பதற்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை உறையின்மீது அச்சிடப்பட வேண்டும். வெளிநாட்டு விளையாட்டாயின் இறக்குமதியாளரின் விவரம் இருக்கும். ஆகவே, விளையாடிப் பார்க்கும்வரை உறையைக் கிழித்தெறிய வேண்டாம்.

எழுதும் கடிதம் சுருக்கமாக இருப்பதே நலம். வாங்கிய நாள், ரசீது எண், குறையுள்ள உறுப்பு எது, அதில் என்ன குறை, நமக்கு வேண்டியது என்ன என்பவை போதும். பெட்டியிலுள்ள அனைத்தையும் பரப்பி ஒரு படமும், குறையுள்ள உறுப்பை மட்டும் அருகிலிருந்து ஒரு படமும் இணைக்கலாம். ஆசிரியரின் கட்டைக்கு நான்கு முகங்களையும் தனித்தனியே படமெடுக்கச் சொன்னோம். அவரோ பித்தளைப் பட்டறையில் கொடுத்துப் புள்ளியை அடைத்துக்கொள்ளலாமா என்றார். நாமே திருத்திவிட்டால், குறை முதலிலேயே இருந்தது என்பதை மெய்ப்பிப்பது கடினமாகிவிடும். ஒரு பெட்டியைத் திரும்பப் பெறுவதைவிட ஒரு கட்டையை அனுப்புவது விற்பனையாளருக்கும் செலவு குறைந்த வழி என்பதால், இத்தகைய வேண்டுகோள் எளிதில் ஏற்கப்படவும் கூடும்.

ஏற்கப்படாவிடில்? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணைய விற்பனைத் தளம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்னும் ரசீது வாசகத்தைக் கண்டு தளர வேண்டியதில்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கையாகவே கருதுகிறது. அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

இறுதி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், எந்த மாவட்டத்தில் வசிக்கிறோம் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டுகள். குறையை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். 750 ரூபாய்க்கு ஆணையமா என்று சிலர் நகைக்கலாம். சட்டம் அவ்வாறு குறைந்தபட்சத் தொகை எதையும் வகுக்கவில்லை.

வங்கியால் ஆவது என்ன? பற்று அட்டை அல்லது கடன் அட்டை வழியே பணம் செலுத்தியிருந்தால், பொருள் குறையுடையது என்று கிளையில் எழுத்து மூலம் முறையிடலாம். இதற்குக் கால வரம்பு உண்டு. விற்பனையாளருக்கு முன்பே எழுதிய கடிதமும் தேவைப்படும். இவ்வழியில் கிடைக்கக்கூடியது பணமே; கட்டை கிடைக்காது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் ஈண்டு நினைவூட்டுகிறோம். ஏமாற்றப்பட்டதாக அறிந்த உடனே 1930 என்னும் எண்ணையும் வங்கியையும் அழைக்க வேண்டும். ரகசிய எண்ணை நாமே தெரிவித்திருந்தால், வங்கிக்குத் தகவல் தரும்வரை ஏற்படும் இழப்பு நம்மையே சாரும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை. ஆதலால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும்.

ஆசிரியருக்கு மாற்றுக் கட்டை பதினோராம் நாள் வந்து சேர்ந்தது. அதற்குள் ஏகாதசி கடந்துவிட்டது. அன்றிரவு ஆறு சோழிகளைக் குலுக்கி ஆடினார்களாம். கட்டையின் நான்கு முகங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே எமக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்.