குற்றாலத்தில் சூரியன் தேர் சறுக்கியது! கவிராயர் விட்ட "ரீலு"க்கு நிலம் பரிசு

குற்றாலப் பாறையில் வழுக்கி விழாதவர் யார்? சூரியனுக்கே அந்தக் கதிதான்! அருவித் தண்ணீர் வானம் வரை தெறித்ததாம். தேர்ச் சக்கரமும் சறுக்கியதாம், குதிரைக் காலும் சறுக்கியதாம்.

இப்படி "ரீல்" விட்டவர் பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூட ராசப்பக் கவிராயர். நூல், குற்றாலக் குறவஞ்சி. வயது சுமார் 300.

அதில் சித்தர்கள் ஆகாயத்தில் பறந்து வருவார்கள். மலை வேடர்கள் கண்ஜாடை காட்டித் தேவர்களைக் கீழே கூப்பிடுவார்கள். மந்தி சிந்திய பழத்துக்கு அந்தத் தேவர்கள் கெஞ்சுவார்கள்!

இதற்குப் படம் பார்க்க வேண்டுமா? பழப் பையோடு மெயின் அருவிப் பக்கம் போனால் போதும். குரங்குகள் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

புருஷன் சந்தேகம்

சிரிப்பின் உச்சம், சிங்கன்–சிங்கி சண்டை. குறி சொல்லப் போன சிங்கி, காலெல்லாம் நகையோடு நிற்கிறாள். "என்கிட்டே சொல்லாமல் எங்கேடி போனே?" என்கிற மாதிரி மடக்குகிறான் புருஷன்.

பறவை பிடிக்கிறவன் அவன். நகையைக் கண்டானா, நட்டைக் கண்டானா? சிலம்பைப் பார்த்து விரியன் பாம்பு என்கிறான். பாடகம் மண்புழுவாம். கால்மணி, செத்த தவளையாம்!

சிங்கி சளைத்தவள் அல்ல. சேலத்தில் குறி சொன்னதற்குச் சிலம்பு, பாண்டியன் மகளுக்குச் சொன்னதற்குப் பாடகம் என்று புட்டுப் புட்டு வைக்கிறாள். எல்லாம் அவள் வாய்ச் சாமர்த்தியத்தில் வந்த சம்பாத்தியம். பெண்சாதி சம்பாதித்தால் புருஷன் லேசில் நம்பி விடுவானா?

கவிராயருக்கும் கிடைத்தது வரும்படி. மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) நிலம் கொடுத்தார். அந்த நிலத்தின் பெயர் "குறவஞ்சி மேடு".